நோம்பி இல்லாத நாளில் கண்ணபுரம்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கண்ணபுரம் போனேன். திருப்பூரில் காலையிலேயே மழை விட்டிருந்தது. காங்கேயம் தாண்டி வெள்ளகோவில் சாலையில் ஓலப்பாளையம் பக்கம் வண்டியைத் திருப்பும்போது கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. சித்திரை நோம்பியின்போது அந்தத் திருப்பத்தில் மாடு ஏற்றி வந்த லாரிகளுக்குப் பின்னால் அரைமணி நேரமாவது நிற்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேலான பழக்கம். அன்று தடம் ஒழிந்து கிடந்தது. டீக்கடைக்காரர் பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மனுக்கு நோம்பி. அதையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை கொங்கு நாடு முழுக்கப் பேர் வாங்கியது. காங்கேயம் காளைகளும் எருதுகளும் கன்றுகளும் அங்கே கைமாறும். வெளி மாநிலத்திலிருந்தும் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். மாடு கட்டுவதற்கென்று சிமெண்டுத் தரையோ கொட்டகையோ நான் பார்த்ததில்லை. மேய்ச்சல் நிலமான கொரங்காடுகளிலும் அறுப்பு முடிந்த காடுகளிலும் முளைக்குச்சி அடித்துக் கட்டுவார்கள். வேண்டுமானால் வெயிலுக்கு ஒரு பந்தல். நோம்பி முடிந்து குச்சியைப் பிடுங்கினால் காடு மறுபடி காடு.

கண்ணபுரத்துக்கு மாடு பிடிக்கப் போகிறவர்கள் உண்டு, சாமி கும்பிடப் போகிறவர்கள் உண்டு. நான் போனது கேட்பதற்கு.

சாயங்காலம் மாடுகளைத் தண்ணிக்கு அவிழ்த்துவிடும் நேரம் ஒன்று இருக்கிறது. ஒரு ஜோடி எழுந்து தலையை உதறும். வெண்கல மணி ஒரு முறை. பக்கத்து ஜோடி எழும். அதன் கழுத்துச் சலங்கை வேறு சுதி. அப்புறம் வரிசை வரிசையாக எழுந்து, காடு முழுக்க ஒரே இரைச்சலாகி, அந்த இரைச்சல் மெல்ல ஒரு நடைக்குள் வந்து சேரும். அதைக் கேட்டவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. கேட்காதவர்களுக்கு எப்படி விவரிப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வாங்குகிறவர் மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார் அல்லவா, அப்போது எங்கள் அப்பாரு, அப்பாவின் அப்பா, கண்ணை மூடிக்கொள்வார். "நடையப் பாக்கறது பாதி, கேக்கறது பாதி கண்ணு. சலங்கை தப்பி விழுந்துச்சுன்னா கால்ல கொறை இருக்குது" என்பார். பல்லைப் பார்த்து வயசு சொல்லவும், சுழி பார்க்கவும், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசவும் தெரிந்தவர்கள் அங்கே நூறு பேர் இருந்தார்கள். காதால் மாடு பார்த்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

ராத்திரியானால் மாரியம்மன் முன்னால் கம்பம். மூன்று கவை உள்ள மரத்தை வெட்டிவந்து கோயில் முன்னே நட்டு, அதை அம்மனின் புருஷனாகப் பாவித்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். பறையும் உறுமியும் ஏறி இறங்கும். அடி மாறும்போது ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில் திரும்புவார்கள். கடைசியில் கம்பத்தைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டபின் அந்த இடத்தில் ஒரு குழிதான் மிஞ்சும். சிறுவயதில் அந்தக் குழியைப் பார்த்து அழுதிருக்கிறேன் என்று அம்மா சொல்வாள்.

இந்த மண்ணின் பாட்டைக் கேட்கக் கடல் கடந்து ஆள் வந்ததுண்டு. கனடாக்காரரான மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக், 1960-களின் நடுவில் ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். 1965-இல் அண்ணன்மார் கதையை, பொன்னர் சங்கர் என்று ஊரெல்லாம் சொல்கிற அந்தக் கதையை, உடுக்கையடித்துப் பாடும் பாடகர்களை வைத்து 18 இரவுகள் பாடச்சொல்லி ஒலிநாடாவில் பிடித்தார். இந்த வட்டாரத்தின் சாதிகளையும் சடங்குகளையும் பற்றி அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 1972-இல் வந்தது. கண்ணபுரம் மாரியம்மன் நோம்பியைப் பற்றியும் தனியாக எழுதியிருக்கிறார். இதெல்லாம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. தெரிந்த அன்று தூக்கம் வரவில்லை. நான் ஓடித் திரிந்த இட்டேரிகளில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நடந்திருக்கிறார். நோம்பி நாளில் மட்டுமல்ல, மார்கழிப் பனியிலும் ஆடிக் காற்றிலும் நடந்திருக்கிறார். நான் அப்படி நடக்கவில்லையே என்பதுதான் அன்று உறுத்தியது.

பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் திருப்பூருக்கு வந்தவன் நான். பனியன் கம்பெனியில் கைமடிக்கப் போட்டார்கள். அப்புறம் ஓவர்லாக், அப்புறம் கட்டிங், இப்போது கட்டிங் மாஸ்டர். ஒன்றரை ஷிப்ட் அடித்துப் பழகிய உடம்புக்கு ஊர்ப் பயணம் மூன்றுதான்: தீபாவளி, பொங்கல், நோம்பி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்குள்ளேயே நாள் போய்விடும். வெளியே இறங்கி நடப்பது நோம்பிக்குத்தான். இப்படியே வருஷங்கள் ஓடியதில் என் ஊர் சித்திரை மாதத்துக்குள் சுருங்கிவிட்டது. கண்ணை மூடினால் புழுதி, பெட்ரோமாக்ஸ், பின்னாளில் டியூப்லைட், மணிச் சத்தம், கூட்டம். மழை பெய்த ஊர் ஞாபகத்தில் வரவே வராது.

எங்கள் கம்பெனியில் ஒரு முறை வெளிநாட்டு இசைவிழாக்களுக்கான டி-சர்ட் ஓடியது. முதுகில் ஊர்ப் பெயர்களும் தேதிகளும் அச்சடித்த கருப்பு உருப்படிகள். செக்கிங் மேஜையில் அவற்றைப் பார்த்தபோதுதான் இந்த விழாக்கள் எங்கே நடக்கின்றன என்று தேட ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி என்று ஒன்று, 1970-இல் தொடங்கியது. அது நடப்பது சாமர்செட் பகுதியில் வொர்த்தி என்ற பால் பண்ணையில். லட்சக்கணக்கான பேர் கூடுகிற இடம் மற்ற நாட்களில் மாடு மேய்கிற புல்வெளி. சில வருஷம் விழாவையே நடத்தாமல் நிலத்தைச் சும்மா விடுகிறார்கள். 2018-இல் அப்படி விட்டிருக்கிறார்கள். படித்ததும் எனக்குக் கண்ணபுரம்தான் ஞாபகம் வந்தது. இங்கே யாரும் முடிவெடுக்காமலே 2020-இல் காட்டுக்கு ஓய்வு கிடைத்தது. ஊரடங்கில் சித்திரை வந்தது, போனது. அந்த வருஷம் நான் ஊருக்குப் போகவே இல்லை.

போகாத சித்திரை அதற்கு முன்னும் ஒன்று உண்டு. 1996. கப்பலுக்குச் சரக்கு போயாக வேண்டும், கட்டிங் முடியாமல் ஒருத்தரும் நகரக்கூடாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்போது எதிர்த்துப் பேசும் தைரியம் இல்லை. அந்த நோம்பியில்தான் அப்பாரு தன் கடைசி ஜோடி எருதுகளைக் கொடுத்தார். கவலை இறைத்துக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சிய காலத்து மனுஷர் அவர். மோட்டார் வந்து கவலை நின்றது, டிராக்டர் வந்து ஏர் நின்றது, கடைசியில் வண்டியும் நின்றது. தீனி போட்டுச் சும்மா கட்டிவைக்க முடியாது என்று என் ஐயன், அப்பாருவின் மகன், சொல்லியிருக்கிறார். வெள்வேலா மரத்தடியில் கட்டியிருந்த ஜோடியை, சங்ககிரிப் பக்கத்து ஆள் பிடித்துக்கொண்டு போனாராம். மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள், அது வழக்கம். அப்பாரு இரண்டு தலைக்கயிறுகளையும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தார். அவர் போனபின்னும் வெகுநாள் அவை சாளையின் விட்டத்தில் தொங்கின. மாட்டின் கழுத்துப் பட்ட இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருக்கும். இப்போது அதில் ஒன்று திருப்பூரில் என் வாடகை வீட்டுப் பீரோவுக்குள் இருக்கிறது.

அந்த வெள்வேலாவைத் தேடித்தான் ஐப்பசியில் போனேன்.

காட்டை அடையாளமே தெரியவில்லை. செம்புழுதியாக மட்டுமே பார்த்த இடம் முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல்லாக நின்றது. காற்று வந்தால் கதிர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிறம் மாறின. கிளுவை வேலி, சித்திரையில் வெறும் முள்ளாக நிற்பது, பச்சையாக இலை விட்டிருந்தது. கடவில் முள் படலைச் சாத்தியிருந்தார்கள். திறந்து உள்ளே போனேன். கொரங்காடு என்றால் வெறும் தரிசு என்று நினைக்கிறவர்கள் திருப்பூரில் அதிகம். சைட் போட்டு விற்கச் சொல்லி அறிவுரை சொல்வார்கள். இந்தப் புல்லும், வறட்சியில் காய் உதிர்த்து ஆட்டையும் மாட்டையும் காப்பாற்றும் இந்த வெள்வேலாவும், ஆளில்லாமல் காவல் நிற்கும் இந்தக் கிளுவையும் சேர்ந்துதான் காங்கேயம் மாட்டை வளர்த்தன. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பொலிகாளைகளைத் தேர்ந்தெடுத்து இந்த இனத்தைப் பேணியது என்பது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அந்த வரலாற்றுக்குக் கீழே இந்தப் புல் இருக்கிறது. இதை நான் ஐம்பது வயதுக்கு மேல், காலில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நடக்க நடக்க ஒன்று கவனித்தேன். புல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் கரும்பச்சையாக, அடர்த்தியாக, நீள நீளமாகப் பட்டைகள் ஓடின. துணியில் சாயம் கூடக்குறைய ஏறினால் விழுமே, அந்த மாதிரி. குனிந்து பார்த்தபோது புரிந்தது. மாடு கட்டிய வரிசைகள் அவை. சாணியும் மூத்திரமும் இறங்கிய மண். ஆறு மாதம் கழித்தும் சந்தை எங்கே நின்றது என்று புல் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பட்டைகளின் மேலேயே நடந்து மரத்தடிக்குப் போனேன். அங்கே மண்ணில் பாதி புதைந்து ஒரு லாடத் துண்டு, துருவேறி. எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தேன்.

"ஆருங்க அது?"

வேலியோரத்தில் ஒரு பாட்டி. கையில் தொரட்டி. அவருக்குப் பின்னால் இரண்டு மாடுகளும் ஒரு கன்றும்.

"பக்கத்தூருதானுங்காத்தா. திருப்பூர்ல இருக்கறனுங்க."

"நோம்பிக்கு இன்னும் ஆறு மாசங் கெடக்குதே சாமி. இப்ப எதுக்குங்க வந்தீங்க?"

சும்மா பார்க்க வந்தேன் என்றேன். அவர் நம்பினாரா தெரியாது. தூக்குப்போசியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். கன்று நல்ல செவலை. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலைக்கு மாறும் என்று சின்ன வயதில் தெரிந்த பாடம்தான், ஆனால் இவ்வளவு சிவப்பைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று! "சித்திரைக்கு வந்தீங்கன்னா இது இந்த நெறத்துல இருக்காதுங்க" என்றார் பாட்டி, என் மனதைப் படித்ததுபோல. அவருடைய பேத்தி வள்ளிக்கும்மி கற்றுக்கொள்கிறாளாம். சாயங்காலமானால் ஊர் மந்தையில் பாட்டும் அடியும் கேட்கும் என்றார். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த அந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செய்தியைத் திருப்பூரில் படித்தபோது சந்தோஷப்பட்டேன். நோம்பியும் இல்லாத, மேடையும் இல்லாத ஒரு சாதாரணச் சாயங்காலத்தில் என் ஊர்ப்பக்கம் பாட்டுக் கேட்கிறது என்பதை அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன்.

பொழுது இறங்கியதும் பாட்டி மாடுகளைக் கடவு வழியே ஓட்டி, படலைச் சாத்திக் கல்லை முட்டுக்கொடுத்தார். மூத்த மாட்டின் கழுத்தில் ஒரே ஒரு மணி. இட்டேரியில் அது போகப் போக நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நோம்பியில் ஆயிரம் மணிகளுக்குள் தனி மணி ஒன்றை நான் கேட்டதே இல்லை. நின்று நிதானமாக, அடி மாறாமல் போனது. கண்ணை மூடிக் கேட்டேன். காலில் குறை இல்லை.

மறுநாள் கட்டிங் மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருந்தோம். நடுவில் ஒரு புல் விதை கிடந்தது, பஞ்சு மாதிரி, சொணையோடு. என் சட்டையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். நூலில் சிக்கிக்கொண்டால் டேமேஜ். விரலால் மெல்ல எடுத்தேன். செக்கிங்கில் இருக்கும் ஒடிசாப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணா?"

"எங்க ஊர்ப் புல்லும்மா. நீ ஊருக்கு எப்பப் போன?"

"ரஜ பண்டிகைக்கு."

"அது ஆனி மாசமில்ல? மத்த மாசத்துல உங்க ஊர் எப்படி இருக்கும்?"

அவள் கையிலிருந்த உருப்படியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். "மழை..." என்று ஆரம்பித்தாள். அப்புறம் தமிழில் வார்த்தை கிடைக்காமல், கைகளால் எதையோ அகலமாக விரித்துக் காட்டினாள்.