உள்ளிருந்து நிமிர்த்தும் கை

‘ஒடுக்கு எடுத்தல்’ என்பது நம் வீடுகளில் நெடுநாள் வழங்கிய சொல். பித்தளைக் குடங்களும் செப்புத் தவலைகளும் புழங்கிய காலத்தில், கிணற்றுச் சுவரில் இடிபட்டு ஒடுங்கிய குடத்தைத் தெருவோடு வரும் தொழிலாளி வாங்கி, உட்புறம் ஓர் இரும்பைக் கொடுத்து, வெளியே மரச்சுத்தியலால் தட்டிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். குடங்கள் எவர்சில்வராகவும் பிளாஸ்டிக்காகவும் மாறியபின் அச்சொல் அருகிவிட்டது. தொழில் மட்டும் மறையவில்லை; கார்ப் பட்டறைக்குள் புது உருவில் குடியேறியிருக்கிறது. வண்ணப்பூச்சைத் தொடாமலேயே காரின் ஒடுக்கை எடுக்கும் இம்முறையைப் ‘பெயின்ட் இல்லாத டென்ட் வேலை’ என்கிறார்கள். அதனை அருகிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அது எழுப்பிய சிந்தனைகளையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நாம் வழக்கமாக அறிந்தது டிங்கரிங் வேலை. அடிபட்ட இடத்தைச் சுத்தியலால் தட்டி ஓரளவு சமன்செய்வார்கள். எஞ்சிய பள்ளத்தில் பட்டியை அப்புவார்கள். உப்புத்தாளால் தேய்த்து, மேலே பெயின்ட் அடிப்பார்கள். தேர்ந்த கை செய்தால் பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆயினும் அதில் ஓர் இழப்பு உண்டு. காரின் உடல் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுடையது. அதன்மேல் தொழிற்சாலை ஏற்றும் பூச்சுகள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ அரைக்கால் மில்லிமீட்டர்தான். துருவைத் தடுக்கும் முதற்பூச்சுக்காக வெறும் கூட்டையே தொட்டியில் முக்கி, மின்சாரத்தால் பூச்சைப் படியச்செய்து, 160 பாகை செல்சியஸையும் தாண்டிய சூட்டில் சுடுகிறார்கள். ஓடத் தொடங்கிவிட்ட காரை அத்தகைய சூட்டில் வைக்க இயலாது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் மின்கம்பிகளும் கெட்டுவிடும். பட்டறையில் 60 பாகை அளவிலேயே உலர்த்துகிறார்கள். முதற்பூச்சை ஒருமுறை சுரண்டிவிட்டால், அதையே திரும்பப் பெறுவதற்கு வழியில்லை.

ஆகவேதான் பூச்சு உடையாத ஒடுக்குகளுக்குப் பட்டியும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம் என்ற முறை மதிப்புப் பெற்றது. ஆலங்கட்டி மழை மிகுந்த நாடுகளில் இதன் தேவை பெரிது. 1984 ஜூலை 12 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரையும் சுற்றுப்புறங்களையும் தாக்கிய ஆலங்கட்டி மழையில் ஏறத்தாழ 2 லட்சம் கார்கள் சேதமடைந்தன. ஆலங்கட்டி விழுந்த காரின் கூரையில் அம்மைத் தழும்புபோல் நூற்றுக்கணக்கான பள்ளங்கள் இருக்கும். பல இடங்களில் பூச்சு மட்டும் முழுமையாக இருக்கும். அத்தனையையும் சுரண்டிப் பட்டி அப்புவதைவிட, ஒவ்வொன்றையும் பின்புறமிருந்து தள்ளி நிமிர்த்துவதே மேல் என்று கண்டார்கள்.

நம்மூரில் ஆலங்கட்டி அரிது, தென்னை உண்டு. பங்கு இல்லத்து முற்றத்தில் நின்ற காரின் பானெட்டில் ஒரு நாள் தேங்காய் விழுந்தது. வளைகுடா நாடொன்றில் இத்தொழிலைக் கற்றுத் திரும்பிய இளைஞர் ஒருவர் நகரில் சிறு பட்டறை வைத்திருந்தார். அவரிடம் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து, நுனி வளைந்த நீண்ட கம்பி ஒன்றை அடியில் கொடுத்தார். பள்ளத்துக்கு நேர்மேலே, கோடு கோடாக ஒளிவிடும் விளக்குப் பலகை ஒன்றை நிறுத்தினார். பிறகு பள்ளத்தைப் பார்க்காமல், பளபளத்த பெயின்டில் தெரிந்த அந்த ஒளிக்கோடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டு வேலை செய்தார். காரணம் கேட்டேன். “பள்ளத்தைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது சாமி. வெளிச்சம் எங்கே கோணுதோ அங்கேதான் தகடு கோணியிருக்கு” என்றார்.

அந்தக் கோடுகள் பள்ளத்தருகே வளைந்து நெளிந்து கிடந்தன. அவர் கொடுத்த ஒவ்வோர் அழுத்தமும் மிகச் சிறியது. கடுகளவு என்றே சொல்லலாம். ஒரேயடியாகத் தள்ளினால் பள்ளம் போய் மேடு வந்துவிடும். அதைச் சரிசெய்வது மேலும் கடினம். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கோடுகள் ஒவ்வொன்றாக நேராயின.

அவர் சொல்லித் தந்தவற்றுள் மூன்று செய்திகள் என் உள்ளத்தில் தங்கிவிட்டன.

முதலாவது, தகட்டுக்கு ‘ஞாபகம்’ உண்டு என்பது. தொழிற்சாலை அச்சில் அழுத்தி வார்த்த வடிவத்தைத் தகடு எளிதில் மறப்பதில்லை. ஒடுங்கிய பரப்பின் பெரும்பகுதி உண்மையில் கெட்டுப்போவதில்லை. மடிந்து இறுகிய சில இடங்கள் அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. அந்தப் பிடிகளைத் தளர்த்தினால் மற்றப் பகுதி தானே பழைய வடிவத்தை நாடி எழும். இதைக் கேட்டபோது திருச்சபையின் மனிதவியல் என் நினைவுக்கு வந்தது. கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார் என்கிறது தொடக்கநூல். பாவம் அந்தச் சாயலைச் சிதைத்தது, ஆனால் அழித்துவிடவில்லை. மனிதனின் சுதந்திரம் வலுவிழந்து சாய்ந்துள்ளதேயன்றி அற்றுப்போகவில்லை என்று திரெந்து பொதுச்சங்கம் 1547-இல் கற்பித்தது. அதே சங்கம், இறைவன் நம்மை ஏற்புடையோராக்குவது பாவ மன்னிப்பு மட்டுமன்று, உள்மனிதரைப் புதுப்பித்துத் தூய்மையாக்குவதுமாம் என்றும் தெளிவுபடுத்தியது. மேலே பூசி மறைப்பதல்ல, உள்ளிருந்து நிமிர்த்துவதே மீட்பு. அருள் இயல்பை அகற்றுவதில்லை, நிறைவாக்குகிறது என்று புனித தோமா அக்குவினா கொண்ட கருத்தும் இதுவே.

இரண்டாவது, ஒவ்வொரு பள்ளத்தைச் சுற்றியும் ஒரு மேடு உண்டு என்பது. அடி விழுந்த இடம் தாழும்போது அதன் விளிம்பு சற்று உயர்கிறது. அம்மேட்டைப் பிளாஸ்டிக் முனைகொண்ட உளியால் மெல்லத் தட்டித் தாழ்த்தாமல் பள்ளத்தை மட்டும் உயர்த்த முடியாது. பள்ளத்தாக்குகள் நிரப்பப்படும், மலைகள் தாழ்த்தப்படும் என்ற எசாயாவின் இறைவாக்கை லூக்கா நற்செய்தியாளர் திருமுழுக்கு யோவானின் பணியோடு பொருத்துகிறார். இரண்டும் சேர்ந்தே நிகழவேண்டும். காயம்பட்ட உள்ளத்தைச் சுற்றிலும் தன்மானம் என்ற பெயரில் ஒரு மேடு எழுந்து நிற்பதை ஆன்ம குருக்கள் நன்கறிவர். மேடு தாழாதவரை ஆறுதல் மொழி உள்ளே இறங்குவதில்லை.

மூன்றாவது, வரிசை. அடி விழுந்தபோது எந்த வரிசையில் மடிப்புகள் உண்டாயினவோ, அதற்கு எதிர் வரிசையில் அவற்றை அவிழ்க்க வேண்டும். கடைசியில் உண்டான மடிப்பை முதலில் எடுக்கவேண்டும். நடுப்பள்ளம் முதலில் உண்டானது. ஆகவே அதன் முறை கடைசியில்தான் வரும். பொறுமையற்றவர் நேரே நடுவில் குத்துவார். தகடு இழுபட்டு என்றும் சீராகாத அளவுக்கு நீண்டுவிடும்.

இந்த மூன்றாவது பாடத்தை நான் பட்டறையில் கேட்டேன். ஆனால் அதற்கு முன்பே ஒரு தாய் அதை நடத்திக்காட்டக் கண்டிருந்தேன். அக்குடும்பத்தாரின் இசைவோடு எழுதுகிறேன். ஊரும் பெயரும் வேண்டாம்.

அண்ணன் தம்பி இருவர். வீட்டுமனையைப் பிரித்தபோது, கிணற்றுக்குச் செல்லும் பாதை யாருக்கு என்பதில் வாக்குவாதம் எழுந்தது. அது வழக்காயிற்று. பிறகு அண்ணன் மகளின் புதுநன்மை விருந்துக்குத் தம்பிக்கு அழைப்பில்லை. கடைசியாக, கல்லறைத் திருநாளில் தந்தையின் கல்லறைக்கு இரு குடும்பங்களும் வெவ்வேறு வேளையில் வந்து மெழுகுதிரி ஏற்றத் தொடங்கின. ஒன்பது ஆண்டுகள் பேச்சில்லை. சமாதானம் செய்ய வந்தவர் அனைவரும் பாதையிலிருந்தே தொடங்கினார்கள். பத்திரத்தை எடு, நிலத்தை அள என்றார்கள். ஒருமுறை திருவிழாக் கொடியேற்றுக்கு முன் பெரியவர்கள் கூடி இருவரையும் கைகுலுக்க வைத்தார்கள். அது பட்டி வைத்த வேலை. அடுத்த மழைக்கே வெடித்தது.

எழுபதைக் கடந்த அவர்களின் தாய் பாதையைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. ஓர் ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முன், “எனக்கு முட்டு முடியவில்லை. இந்த முறை மாலை ஐந்து மணிக்கு ஆளுக்கொரு கையாக என்னைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்” என்று இருவரிடமும் தனித்தனியே கேட்டார். இருவரும் வந்தார்கள். தாயின் இருபுறமும் நின்றார்கள். ஒரு சொல்லும் பேசவில்லை. அவரும் பேசச் சொல்லவில்லை. கடைசி மடிப்பு அன்று தளர்ந்தது. அதன்பின் தம்பி மனைவி நோயுற்றபோது அண்ணன் வீட்டுக் கஞ்சி பேரப்பிள்ளைகள் கையில் போயிற்று. மூத்தவனின் பிடிவாதத்தை மூத்தவனிடமும் இளையவனின் கடுஞ்சொல்லை இளையவனிடமும் தனிமையில் மட்டுமே கண்டித்தார். மேடுகள் அவ்வாறு தாழ்ந்தன. மறு ஆண்டு ஒரு திருமுழுக்கு அழைப்பிதழில் இரு குடும்பப் பெயர்களும் இருந்தன. வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். பாதை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்தது. அதை அளந்து முடிக்க அரைநாள் போதுமானதாயிருந்தது. அந்த அரைநாளுக்காக அத்தாய் இரண்டு ஆண்டுகள் உழைத்திருந்தார்.

எனினும் எல்லா ஒடுக்கையும் இம்முறையில் எடுக்க முடியாது. அதே காரின் கதவு விளிம்பில் பழைய இடி ஒன்று இருந்தது. இளைஞர் அதைத் தடவிப் பார்த்து, “பெயின்ட் வெடிச்சு உள்ளே துரு பிடிச்சிருக்கு சாமி. இதை நான் தொட்டா தப்பு, டிங்கரிங்குக்கே போங்க” என்றார். தம் தொழிலின் எல்லையை அறிந்த அந்த நேர்மை என்னைக் கவர்ந்தது. அருட்பணியிலும் இந்த நேர்மை வேண்டும். குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமே மனைவியைப் ‘பொறுத்துப் போம்மா’ என்று திருப்பி அனுப்புவது சமாதானம் அன்று. துரு ஏறிய இடத்தில் வெளித்தோற்றத்தைக் காப்பாற்ற முயல்வது உள்ளே அழிவை வளர்ப்பதாகும். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு, பிறகு நீதி, மருத்துவமும் சட்டமும் செய்யவேண்டியதைச் செய்ய இடம் விடுவது. மன்னிப்பு அதன்பின் அவளுடைய விடுதலையான உள்ளத்திலிருந்து வரவேண்டியது. பிறர் கேட்டு வாங்குவதன்று.

உவமைக்கும் எல்லை உண்டு. தகடு சம்மதம் தருவதில்லை, மனிதர் தரவேண்டும். நம்மைக் கேளாமல் நம்மைப் படைத்தவர், நம் இசைவின்றி நம்மை ஏற்புடையோராக்குவதில்லை என்பது புனித அகுஸ்தினார் வலியுறுத்திய உண்மை. மேலும், பட்டறையின் பெருமை தடயமே இல்லாமல் நிமிர்த்துவதில் இருக்கிறது. நம் ஆண்டவரோ உயிர்த்தெழுந்தபின்னும் தம் காயத் தழும்புகளை மறைக்கவில்லை. தோமாவுக்குக் கையையும் விலாவையும் காட்டினார். ஆகவே குணம்பெற்றதன் அடையாளம் தழும்பு மறைவதன்று. தழும்பு இனி நம்மைக் கோணச் செய்யாதிருப்பதே.

ஒப்புரவு அருட்சாதனத்தை நாம் பலவேளை பட்டி வேலையாக எண்ணிவிடுகிறோம். பாஸ்காவுக்கு முன் வரிசையில் நின்று, மனப்பாடமான பட்டியலைச் சொல்லி, மேற்பரப்பைப் பளபளப்பாக்கிக்கொண்டு திரும்புகிறோம். 1973-இல் புதுப்பிக்கப்பட்ட ஒப்புரவுச் சடங்குமுறை இறைவார்த்தைக்கு அதில் இடம் தந்தது. அதன் பொருள் எனக்கு இப்போது இன்னும் தெளிவாகப் புரிகிறது. நம் பள்ளத்தை நாமே உற்றுப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. அல்லது மனச்சோர்வே மிஞ்சுகிறது. இறைவார்த்தையின் ஒளி நம்மீது விழும்போது அது எங்கே கோணுகிறதோ, அங்கே நாம் கோணியிருக்கிறோம். அந்த இடத்தை மட்டும் உண்மையாகச் சொன்னால் போதும். உள்ளிருந்து தள்ளும் கை அவருடையது.

இந்தத் தவக்காலத்தில் உங்கள் குடும்பத்திலும் பேச்சற்றுப் போன ஓர் உறவு இருக்கலாம். முதல் காரணத்தைத் தோண்ட வேண்டாம். அதற்குரிய நாள் வரும். கடைசியாக நின்றுபோனது எது என்று பாருங்கள். ஒரு பண்டிகைப் பலகாரமா, ஒரு நலம் விசாரிப்பா, கோவில் வாசலில் ஒரு தலையசைப்பா? அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் போகும்போது அதை மட்டும் மீண்டும் தொடங்குங்கள்.