ஆண்பிள்ளையும் ஆடற்கலையும்

எமது மகனுக்கு இப்பொழுது 11 வயது. கொழும்பிலே தனியார் நடன வகுப்பொன்றில் மூன்று ஆண்டுகளாக அவன் பாலே பயின்று வருகின்றான். அவ்வகுப்பிற் பயிலும் 20 பிள்ளைகளுள் ஆண்பிள்ளை அவன் ஒருவனே. இதனை அறிந்த உறவினரும் நண்பரும் உடன் கற்பிக்கும் ஆசிரியரும் எம்மிடம் கேட்ட கேள்விகள் பல. அவற்றுட் சில அன்பினால் எழுந்தவை. சில ஏளனத்தால் எழுந்தவை. அண்மையில் நண்பரொருவர் தம் மகனும் பாலே பழக விரும்புகின்றான் என்றும், தந்தையாகிய தாம் என்ன செய்தல் வேண்டும் என்றும் எம்மை வினவினார். அவருக்குச் சொன்னவற்றையே சற்று விரித்து இங்கு எழுதுகின்றோம். ஆசிரியராயுள்ள வாசகர்கட்கு இது தம் மகனைப் பற்றியதாக இல்லாவிடினும், தம் வகுப்பறையின் ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் யாரோ ஒரு பையனைப் பற்றியதாக இருத்தல் கூடும்.

பாலே பெண்களுக்குரிய கலை என்னும் எண்ணமே ஏளனம் அனைத்துக்கும் வேர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. இத்தாலிய அரசவைகளிலே தோன்றிப் பிரான்சிலே வளர்ந்த இக்கலையை முதலில் முன்னின்று ஆடியவர்கள் ஆடவரே. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி 1653இல் சூரியனாக வேடம் புனைந்து தானே ஆடினான். 1661இல் நடனத்துக்கென ஒரு கழகத்தை நிறுவினான். தொழில்முறைப் பெண் ஆடுநர் பாரிஸ் ஒபேரா அரங்கில் ஏறியது 1681இலேதான். 19ஆம் நூற்றாண்டிலே நிலைமை தலைகீழாயிற்று. பணம் படைத்த ஆடவர் அவ்வரங்கின் புரவலராயினர். அவர்கள் காசு கொடுத்துக் காண விரும்பியது ஆடும் பெண்களையே. ஆடும் ஆடவன் அவர்கட்கு வேண்டாதவனானான். 1870இல் ‘கொப்பேலியா’ அரங்கேறியபோது, அதன் கதாநாயகனான இளைஞனின் பாத்திரத்தையே ஒரு பெண் ஆணுடை தரித்து ஆடினாள். ஆகவே, ஆண் ஆடுவது இழுக்கு என்பது இயற்கையின் விதியன்று; ஒரு காலத்து ஒரு வர்க்கத்தின் சுவை. அதனைச் சுமக்க வேண்டிய கடன் எமது பிள்ளைகளுக்கு இல்லை.

எமது நாட்டைப் பார்ப்போம். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களை ஆடி வந்தோர் ஆடவரே. பெண் பாத்திரங்களையும் அவர்களே ஏற்றனர். பகலெல்லாம் வயலில் உழைத்தவர்கள் இரவிலே அண்ணாவியாரின் மத்தள ஒலிக்குக் கால் மிதித்துப் பழகினர். எமது பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். அவரது ஆண்மையை ஊரில் எவரும் ஐயுற்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ‘கூத்தாடி’ என்னும் சொல்லை வசையாக்கியவர்கள் உழைக்கும் மக்களல்லர். உடலால் உழைப்பதையே இழிவெனக் கருதிய மேற்றட்டினர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ ஆகியவற்றைப் பேராதனையிலே பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது அந்த வசையின் வலு குறைந்தது. சிங்கள மக்களிடையே, 1936இல் ‘சிறிசங்கபோ’ என்னும் நாட்டிய நாடகத்தில் முதன்மைப் பாத்திரமேற்று ஆடிய சித்திரசேனவுக்கு அப்போது வயது 15. அதனைத் தயாரித்தவர் அவரது தந்தையார் சீபேட் டயஸ். தந்தையின் துணையுடன் மேடையேறிய அப்பையனே பின்னர், 1961இல், கடற்றொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு ‘கரதிய’ என்னும் பாலேயைப் படைத்தார்.

நிற்க. நண்பர் எம்மிடம் கேட்டது வரலாறன்று. செய்ய வேண்டியவை யாவை என்பதே. பாலே ஓர் உழைப்பு. பிள்ளையின் உடலே அவ்வுழைப்பின் கருவி. அக்கருவியைக் காப்பதே பெற்றோரின் முதற்கடமை.

சப்பாத்திலிருந்து தொடங்குவோம். பாடசாலைச் சப்பாத்தை ஓர் அளவு பெரிதாக வாங்கி, ‘வளர்ந்தாலும் போடலாம்’ என்று சொல்வது எம்மவர் வழக்கம். பாலேச் சப்பாத்தில் அவ்வழக்கம் ஆகாது. அது காலுறை போலக் காலோடு ஒட்டியிருத்தல் வேண்டும். தளர்ந்திருந்தால் பாதம் நிலத்தை உணராது, பிள்ளை இடறி விழுவான். ஆண்பிள்ளைகள் அணிவது தோலாலோ கன்வசாலோ ஆன மென்மையான சப்பாத்து. நுனிவிரலில் நின்று ஆடுவதற்கான கடின முனைச் சப்பாத்து பொதுவாகப் பெண்களுக்குரியது. உடலோடு ஒட்டிய ஆடைக்குப் பையன் கூச்சப்பட்டால் அதனைச் சிரித்துத் தள்ளாது ஆசிரியையிடம் பேசுதல் வேண்டும். எமது மகன் முதலாண்டு முழுவதும் அரைக்காற்சட்டையுடனேயே பயின்றான். அதனால் அவனது பயிற்சிக்கு எக்குறையும் நேரவில்லை.

பாதங்களை வெளிப்புறமாகத் திருப்பி நிற்றல் பாலேயின் அடிப்படை. அத்திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வருதல் வேண்டும். முழங்காலையும் கணுக்காலையும் முறுக்கி அதனைப் பெற முயன்றால் மூட்டுக் கெடும். ஆதலின், வீட்டிலே ‘இன்னும் கொஞ்சம் திருப்பு’ என்று பெற்றோர் பிள்ளையின் காலைப் பிடித்துத் திருப்புதல் தகாது. வீட்டுச் சீமெந்து நிலத்திலே துள்ளிப் பழக விடுவதும் தகாது. நல்ல நடனக்கூடத்தின் மரத்தளம் கீழே இடைவெளி விட்டு அமைக்கப்படுவது. மிதிக்கும்போது சிறிது இணங்கிக் கொடுப்பது. சீமெந்து இணங்காது, அதிர்ச்சி முழுவதையும் பிள்ளையின் எலும்பே தாங்க வேண்டியிருக்கும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் ஆண்பிள்ளை மளமளவென்று வளரத் தொடங்குவான். எலும்பின் வேகத்துக்குத் தசையும் நாணும் ஈடு கொடா. நேற்று வரை இலகுவாகக் குனிந்தவனுக்கு இன்று கை நிலத்தில் முட்டாது, சமநிலை தவறும், குதிக்காலிலும் முழங்காலுக்குக் கீழும் நோவெடுக்கும். இக்காலத்திலே ‘சோம்பேறி’ என்னும் சொல் வீட்டில் ஒலித்தலாகாது. ஆசிரியைக்கு அறிவித்தும், வைத்தியரிடம் காட்டியும், ஓய்வு கொடுத்தும் இப்பருவத்தைக் கடத்தல் வேண்டும். பெண் ஆடுநரைத் தூக்கி ஆடும் பயிற்சி உடல் முதிர்ந்த பின்னரே வரும். அதற்கென இப்போதே பாரந்தூக்க விடுதல் பேதைமை. உணவிலும் மந்திரம் எதுவும் இல்லை. சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை. இவை வயிறாரக் கிடைத்தாற் போதும். அவனது உடலின் பருமனைப் பற்றி உறவினர் விமர்சிக்க இடங்கொடாதிருப்பதும் உணவைப் போலவே முக்கியமானது.

உடலைக் காப்பது இத்துணை எளிது. மனத்தைக் காப்பது அத்துணை எளிதன்று.

சென்ற ஆண்டு பாடசாலையிலே சில பையன்கள் எமது மகனைக் கண்டால் நுனிக்காலில் நடந்து காட்டிச் சிரித்தனர். ஒருநாள் மாலை அவன், “அப்பா, நான் டான்ஸ் பழகிறத இனி ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம்” என்றான். “கேளாதவனுக்குச் சொல்லத் தேவையில்ல மகன். கேட்டவனுக்கு ஒளிக்கவும் தேவையில்ல” என்றோம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. சொல்லாதிருப்பது பிள்ளையின் உரிமை. ஒளித்து வைக்கப் பெற்றோரே துணை செய்தால், இதில் வெட்கப்பட ஏதோ உண்டு என்று நாமே அவனுக்குக் கற்பித்தவராவோம். மறுநாள் வகுப்பாசிரியரைச் சந்தித்தோம். “பெடியங்கள் எண்டால் அப்பிடித்தான் மாஸ்டர், கொஞ்ச நாளிலே விட்டிடுவாங்கள்” என்றார் அவர். கணக்குப் பாடத்திலே பிழைவிட்ட மாணவனை ‘கொஞ்ச நாளில் தானே திருத்திக் கொள்வான்’ என்று நாம் எவரும் விட்டுவிடுவதில்லை; பிறனை இழிவுசெய்யும் பிழையை மட்டும் ஏன் விட்டுவிடுகின்றோம் என்று கேட்டோம். அவர் நல்லவர், சிந்தித்தார், அப்பையன்களை அழைத்துப் பேசினார். பலர் நிறுத்திக் கொண்டனர். ஒருவன் இன்னமும் நிறுத்தவில்லை. வகுப்புக்குப் போகும் நாட்களில் எமது மகனின் முகத்தில் அந்த ஒருவனின் நிழலை இன்றும் காண்கின்றோம். இது ஒரு நாளில் வென்று முடிக்கும் போரன்று.

ஏளனத்துக்கு விடை கூறுகையில் பெற்றோர் இரண்டு விடைகளைத் தவிர்த்தல் நன்று. ‘இது பழகினால் உதைபந்தாட்டம் நன்றாக வரும்’ என்பது ஒன்று. அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும், ஆடல் தன்னளவில் மதிப்பற்றது என்பதை அவ்விடை ஒப்புக்கொள்கின்றது. ‘எங்கள் பிள்ளை அப்படிப்பட்டவன் அல்லன்’ என்பது மற்றது. ஆடுவதால் எவனும் எதுவாகவும் மாறிவிடுவதில்லை. வளர்ந்த பின் எவரை நேசிப்பவனாக இருந்தாலும் அவன் எமது பிள்ளையே. அவ்வாறிருக்க, பிறர் பிள்ளைகளைத் தாழ்த்தி எமது பிள்ளைக்கு நற்சான்று தேடுவானேன்? ‘அவனுக்கு விருப்பம், அவன் உழைக்கின்றான்’ என்னும் விடை போதும்.

இக்கலையிற் புகழ்பெற்ற இருவரின் தந்தையரை இங்கு நினைத்துப் பார்க்கலாம். ருடோல்ப் நூரியேவின் தந்தை செஞ்சேனையிற் பணியாற்றியவர். மகன் ஆடுவதை வெறுத்தவர். 1945ஆம் ஆண்டின் இறுதி இரவிலே, ஊபா நகரத்து அரங்குக்கு ஒரே நுழைவுச்சீட்டுடன் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர் தாய். 17 வயதில், மிகப் பிந்தி, லெனின்கிராட்டின் பாலேப் பாடசாலையிற் சேர்ந்த அவர் இழந்த ஆண்டுகளை ஈடுசெய்யக் கடுமையாக உழைக்க வேண்டியிருந்தது. கார்லோஸ் அகோஸ்தாவின் கதை இதற்கு நேர்மாறானது. 1973இல் ஹவானாவின் வறிய பகுதியொன்றில் பிறந்த கறுப்பினச் சிறுவன் அவர். தந்தையோ லொறிச் சாரதி. உதைபந்தாட்டத்தை விரும்பித் தெருவிலே திரிந்த மகனைத் தந்தைதான் வற்புறுத்திப் பாலேப் பாடசாலையிற் சேர்த்தார். அங்கு கட்டணம் இல்லை. மதிய உணவும் உண்டு. அம்மகன் 1990இல் லொசான் போட்டியிலே தங்கப் பதக்கம் பெற்று, 1998இல் லண்டன் றோயல் பாலேயிற் சேர்ந்து, 2020இல் பேர்மிங்ஹாம் றோயல் பாலேயின் இயக்குநரானார். ஒரு தந்தை தடுத்தார், மற்றவர் தள்ளினார். வெற்றி கிட்டிற்று என்பதற்காகத் தள்ளுதலையும் நாம் போற்ற மாட்டோம். எமது மகன் நாளை ‘போதும்’ என்றால், அவனை வகுப்புக்கு அழைத்துச் சென்ற அதே பஸ்ஸில் வீட்டுக்கு அழைத்து வருவோம்.

ஆயினும், அகோஸ்தாவின் கதையிலே தந்தையினும் பெரிதாக நிற்பது அந்தப் பாடசாலையே. 1959ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் கியூபா அரசு அலிசியா அலொன்சோ குழுவினரின் பாலேக்கு ஆதரவளித்தது. ஆண்பிள்ளைகளைத் தேடி அநாதை இல்லத்துக்கும் சென்றனர். அங்கிருந்து வந்த ஹோர்கே எஸ்கிவெல் பின்னர் அலிசியாவுடனேயே இணைந்து ஆடினார். அத்தகைய பாடசாலை இல்லாதவிடத்து நிகழ்வதை 2000இல் வெளிவந்த ‘பில்லி எலியட்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் காட்டுகின்றது. 1984-85இல் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர், மகனைப் பாலே நேர்முகத் தேர்வுக்கு அனுப்பப் பணமின்றி, வேலைநிறுத்தத்தை முறித்து வேலைக்குச் செல்லத் துணிகின்றார். மூத்த மகன் அவரைத் தடுத்து நிறுத்துகின்றான். பின்னர் தோழர்கள் காசு சேர்க்கின்றனர். இறந்த மனைவியின் நகையும் போகின்றது. மகனின் கலைக்கும் தோழரின் போராட்டத்துக்கும் இடையே ஒரு தந்தையை நிறுத்தும் சமுதாயத்தையே நாம் வெறுத்தல் வேண்டும்.

இங்கும் நிலைமை வேறன்று. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியினாலேயே எம்மைப் போன்றோர் பட்டதாரிகளாயினோம். ஆனால் பாலே இங்கு நகரத்துத் தனியார் வகுப்புகளிலே கட்டணத்துக்குக் கிடைப்பது. எமது ஆசிரியச் சம்பளத்தில் ஒரு பகுதி மாதந்தோறும் அதற்குச் செல்கின்றது. தோட்டத்திலோ மீனவக் குடிசையிலோ பிறந்த பையனின் கால்களில் இதே தாளம் இருந்தால், அவன் எங்கே செல்வான்?

இறுதியாக, ஆண்பிள்ளையைப் பெற்றோர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. ஆண்பிள்ளைகள் அரிதாதலின், மேடையில் நடுவிடம் அவர்கட்கு எளிதிற் கிடைத்துவிடும். சென்ற ஆண்டு விழாவிலே எமது மகனுக்குத் தனி ஆட்டம் கிடைத்தது. அவனிலும் நன்றாக ஆடும் பெண்பிள்ளைகள் வரிசையிலே நின்றனர். விழா முடிந்ததும் மலர் கொடுத்த உறவினரிடமும் மகனிடமும் அதனை மறைக்காமற் சொன்னோம். அவன் சற்றுநேரம் பேசாதிருந்து, பின்னர், “ஓம் அப்பா, அந்த அக்காதான் எனக்குத் திரும்பக் காட்டித் தந்தவ” என்றான். ஏளனத்தைத் தாங்கப் பழகும் பிள்ளை, தனக்குக் கிடைக்கும் சலுகையைக் காணவும் பழகுதல் வேண்டும்.

பயில்வோர் அனைவரும் ஆடுநராவதில்லை. மிகச் சிலரே ஆவர். எமது மகனும் ஆகாது போகலாம். அதற்காக அவன் சிந்தும் வியர்வை வீணன்று. ஆசிரியர்களே, உங்கள் வகுப்பிலும் ஒரு பையன் மேசைக்கடியில் காலால் தாளம் போட்டுக் கொண்டிருக்கலாம். அவனைப் பார்த்துச் சிரிக்கும் முதல் ஆள் நீங்களாக இராதீர்கள். மற்றவர் சிரிக்கும்போது மௌனமாகவும் இராதீர்கள். இலவசக் கல்வியின் பாடவேளைக்குள் ஆடற்கலை எல்லாப் பிள்ளைகளுக்கும், ஆண் பெண் வேறுபாடின்றி, வறுமையின் தடையின்றிக் கிடைக்கும்படி உங்கள் சங்கங்களிலே குரல் எழுப்புங்கள். பெற்றோர் தனித்தனியே காக்கக்கூடியது ஒரு பிள்ளையை மட்டுமே.