நிறமிலாத் திரையில் நான் கற்ற பாடம்

வண்ணம் கண்ணைக் கவரும். கருத்து நெஞ்சைக் கவரும் என்பர். இன்றைய மாணவர் முன் ஒரு கறுப்பு வெள்ளைத் திரைப்படத்தை ஓடவிட்டால், ஐந்து நிமிடங்களுக்குள் அவர்கள் பார்வை வேறு திசை நாடுவதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. ஒரு காலத்தில் நானும் அவ்வாறே முகம் திருப்பியவன். அந்தப் பிழையைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்தில். திங்கள் ஒருமுறை தோட்டத்துத் திடலில் வெண்திரை கட்டுவார்கள். லயத்து மக்கள் பாயும் சாக்கும் எடுத்துக்கொண்டு பொழுது சாயுமுன்பே இடம் பிடிப்பார்கள். பால்மரம் வெட்டும் தொழிலாளியான என் தந்தையார் பள்ளிக்கூட வாசலையும் மிதித்தறியாதவர். ஆயினும் 1952ஆம் ஆண்டு வெளிவந்த 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியை அவர் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவிப்பார். கலைஞர் மு. கருணாநிதி தீட்டிய அந்த உரையாடலை, தம் முதற் படத்திலேயே சிவாஜி கணேசன் ஏற்ற இறக்கத்தோடு முழங்கினார். லகர ளகர வேறுபாட்டை நான் முதன்முதலில் கேட்டுணர்ந்தது அதைத் திரும்பச் சொன்ன தந்தையாரின் நாவில்தான். போரினால் இரங்கூனிலிருந்து சிதறிப்போன குடும்பத்தின் கதை அது. கடல் கடந்து வாழும் நம்மவர்க்கு அஃது அயலார் கதையாகத் தோன்றவில்லை.

காலம் ஓடியது. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன். நான்கு இலக்கண நூல்களைப் புரட்டிய செருக்கு என் தலைக்கேறியிருந்தது. ஒரு விடுமுறையில் வீடு திரும்பியபோது, தந்தையார் எங்கிருந்தோ ஒரு வீடியோ நாடாவை வாடகைக்கு வாங்கி வைத்திருந்தார். படத்தின் பெயர் 'அந்த நாள்'. "உட்காருப்பா, சேர்ந்து பார்க்கலாம்" என்றார். "பாட்டே இல்லாத பழைய படத்தை யாரப்பா உட்கார்ந்து பார்ப்பார்கள்?" என்று கூறிவிட்டு நண்பர்களைத் தேடிச் சென்றுவிட்டேன். நள்ளிரவில் திரும்பியபோது தொலைக்காட்சி அணைந்திருந்தது. நாடா, சுற்றப்பட்டு, உறைக்குள் பத்திரமாக இருந்தது. அதன்பின் அவர் என்னை எந்தப் படத்திற்கும் அழைக்கவில்லை.

தந்தையார் மறைந்து சில ஆண்டுகள் கழித்தே அப்படத்தைப் பார்த்தேன். வீணை வித்தகர் எஸ். பாலசந்தர் இயக்க, ஏவி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட படம். பாடலும் நடனமும் இன்றித் தமிழ்ப்படம் எடுக்க எவரும் துணியாத காலத்தில் அவ்வாறு எடுக்கப்பட்டது. கதாநாயகன் ராஜன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு வீழ்கின்றான். அவன் மனைவி, உடன்பிறந்தான், அண்டை வீட்டுக்காரர் எனப் பலரும் துப்பறிவாளரிடம் தத்தம் கதையைச் சொல்கின்றனர். ஒவ்வொருவர் கூற்றிலும் வேறொருவர் மீது ஐயம் விழுகின்றது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் ஒரே கூடம் ஒருவர் சொல்லும்போது இல்லமாகவும், மற்றொருவர் சொல்லும்போது இருட்குகையாகவும் மாறுகின்றது. ஒளியையும் நிழலையும் தவிர அங்கே வேறு வண்ணம் தேவைப்படவில்லை. சுட்டவர் யார் என்பதை நான் இங்கே கூறப்போவதில்லை. பார்ப்பவர் இன்பத்தைக் கெடுப்பது முறையன்று.

ஆனால் என் நெஞ்சைத் தைத்தது வேறொன்று. கதை நிகழும் காலம் 1943ஆம் ஆண்டு அக்டோபர். சென்னையில் சப்பானியர் குண்டு வீசிய வேளை. அதே அக்டோபரில்தான் சயாம்–பர்மா மரண இரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழருள் என் பாட்டனாரும் ஒருவர். அவர் திரும்பி வரவில்லை. அப்போது என் தந்தையார்க்கு வயது ஏழு. அந்நாட்களைப் பற்றி அவர் எங்களிடம் வாய் திறந்ததே இல்லை. அன்றிரவு என்னை அருகில் அமர்த்திக்கொண்டு எதையேனும் சொல்ல எண்ணியிருந்தாரோ, வெறுமனே என் துணையைத்தான் விரும்பினாரோ, இனி யாரிடம் கேட்பேன்?

அன்று முதல் பழைய படங்களைத் தேடிப் பார்க்கலானேன். ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) பெரும்பாலும் ஒரே மருத்துவமனைக்குள் நிகழ்வது; வின்சென்ட்டின் படக்கருவி கட்டிலின் அடியிலும் ஊர்ந்து சென்று மாந்தரின் தவிப்பைக் காட்டும். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் ஒரு பாடல் ஒலிப்பதிவாகும் விதத்தையே காட்சியாகக் காணலாம். நம் மாணவர்க்கு அஃது ஒரு கலைப்பாடம். நம் மண்ணின் செல்வங்களையும் மறக்கலாகாது. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் உருவான 'பெனாரேக் பெச்சா' (1955), பி. ரம்லி இயக்கிய முதற் படம். ஓர் ஏழை ரிக்‌ஷா ஓட்டியின் மானத்தை அது பேசுகின்றது. அந்த ரம்லியை 1950இல் 'பக்தி' படத்தின் வழியே கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர் என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

அண்மையில் எம் பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியர்கள் அறுவர் வந்திருந்தனர். ஒரு சனிக்கிழமை அவர்களை நூலகத்தில் அமர்த்தி 'அந்த நாள்' படத்தைக் காட்டினேன். தொடக்கத்தில் கைப்பேசிகள் மின்னின. அரை மணி நேரத்தில் அவை யாவும் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. படம் முடிந்ததும் யார் கூற்று உண்மை, யார் கூற்று திரிபு என்று அவர்களுக்குள் பெரும் வழக்காடல் மூண்டது. கருத்துணர்தலைக் கற்பிக்க நான் வகுத்த எந்தப் பாடத்திட்டமும் அத்தகைய விவாதத்தை எழுப்பியதில்லை. இறுதியில் ஒரு பெண் எழுந்து கேட்டார்: "ஐயா, ராஜன் அறிவாளி. அவன் கண்டுபிடிப்பை யாரேனும் ஒருவர் மதித்து ஆதரித்திருந்தால், அவன் அந்த வழிக்குப் போயிருப்பானா?"

நான் உடனே விடை கூறவில்லை. நம் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லும்போது, எழுத்தறியாத ஒரு மனிதர் தம் மகனுக்காக வாங்கி வைத்திருந்த நாடாவும் என் நினைவில் வந்தது.

ஆசிரியத் தோழர்களே, மாணவச் செல்வங்களே! ஒரு விடுமுறை நாளில் இவற்றுள் ஒன்றையேனும் பாருங்கள். இல்லத்தில் மூத்தவர் இருப்பின் அவரை அருகில் அமர்த்திக்கொண்டு பாருங்கள். இடையிடையே அவர் ஏதேனும் சொல்லத் தொடங்கினால், படத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.