சுங்குவார்சத்திரத்தில் தயாராகும் போன்... மலை உச்சியில் ஊமையாவது ஏன்?

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால், காஞ்சிபுரத்துக்கு முன்னால் வருகிற ஊர் சுங்குவார்சத்திரம். வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறிய ஊர் என்பதைப் பெயரே சொல்லிவிடும். இன்றைக்கு இளைப்பாற இங்கே யாருக்கும் நேரமில்லை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள். இன்னொரு கூட்டம் ஏறுகிறது. வாலாஜாபாத் சாலை பிரியும் இடத்தில் டீக்கடைகளுக்கு இரவு, பகல் என்ற வித்தியாசமே கிடையாது.

இந்த ஊரை உலக வரைபடத்தில் ஏற்றியது பாக்ஸ்கான் தொழிற்சாலை. 2022 செப்டம்பரில், ஐபோன் 14 இந்தியாவிலும் தயாராகிறது என்று ஆப்பிள் நிறுவனம் அறிவித்தது. தயாரான இடம் இந்த வட்டாரம்தான். அந்த போனில் ஒரு புது வசதி இருந்தது. டவரே இல்லாத காட்டிலும் மலையிலும், நேராகச் செயற்கைக்கோளுக்கு ஆபத்துச் செய்தி அனுப்பலாம்.

ஆனால் அதே போனோடு ஜவ்வாது மலையில் ஏறி, சிக்னல் இல்லாத ஓர் இடத்தில் கால் பிசகி விழுந்தால், அந்த வசதி வேலை செய்யாது!

வானத்தோடு பேசும் போன்

2022 நவம்பரில் முதலில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தச் சேவை தொடங்கியது. பிறகு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற நாடுகளுக்கும் பரவியது. ஆபத்தில் இருப்பவர் திறந்த வெளியில் நின்று, திரை காட்டும் திசையில் போனைப் பிடிக்க வேண்டும். என்ன நடந்தது, யாருக்கு அடி என்று போன் கேட்கும் சில கேள்விகளுக்குப் பதில் தட்டினால் போதும். அந்தப் பதில்களும் இருக்கும் இடமும் குளோபல்ஸ்டார் நிறுவனத்தின் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குப் போய்ச் சேரும். வானம் தெளிவாக இருந்தால் 15 விநாடிகளில் செய்தி போய்விடும் என்கிறது ஆப்பிள். மரங்கள் மறைத்தால் ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம்.

இந்தச் சேவை கிடைக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இந்தியாவில் வாங்கிய போனைக் கனடாவுக்கு எடுத்துப் போனால், அங்கே வசதி விழித்துக்கொள்ளும். ஊர் திரும்பினால் மறுபடி தூங்கிவிடும். குறை போனில் இல்லை. அது நிற்கும் மண்ணின் சட்டம் வேறு.

பையில் இருந்தால் வழக்கு!

அப்படியானால் வெளிநாட்டு மலையேறிகள் வைத்திருக்கும் தனிக் கருவியை வாங்கிக்கொள்ளலாமே? ஆன்லைனில் தேடினால் மூன்று வகைகள் வரும். ஒன்று, பொத்தானை அழுத்தினால் ஆபத்து சமிக்ஞையை மட்டும் அனுப்பும் பீக்கன். இரண்டாவது, இரு பக்கமும் குறுஞ்செய்தி அனுப்ப உதவும் கார்மின் இன்ரீச் போன்ற கருவி. மூன்றாவது, பேசவே உதவும் சாட்டிலைட் போன்.

வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். துராயா, இரிடியம் வலையமைப்புகளில் இயங்கும் கருவிகளுக்கு இங்கே தடை. கார்மின் இன்ரீச் இயங்குவது இரிடியத்தில்தான். 2024 டிசம்பரிலும் 2025 ஜனவரியிலும் கோவா, டெல்லி விமான நிலையங்களில் இந்தக் கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் தடுத்து நிறுத்தப்பட்டு, வழக்கையும் சந்தித்தார்கள். அவர்கள் ஊரில் அது உயிர்காக்கும் சாதனம். இங்கே ஸ்கேனரில் சிக்கும் தடை செய்யப்பட்ட பொருள்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 2008 மும்பைத் தாக்குதலில் தீவிரவாதிகள் சாட்டிலைட் போன் பயன்படுத்தியது தெரியவந்த பிறகு கட்டுப்பாடு இறுகியது. முறைப்படி அனுமதி பெற்றால், இன்மார்சாட் செயற்கைக்கோள்களின் உதவியோடு பிஎஸ்என்எல் தரும் போனை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மலையேறப் போகிறவர்களுக்கு அது எட்டாத உயரம்.

பீக்கன் கதை கொஞ்சம் வேறு. 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது அனுப்பும் சமிக்ஞையைப் பிடிக்க 'கோஸ்பாஸ்-சார்சாட்' என்ற பன்னாட்டு ஏற்பாடு இருக்கிறது. 1982-லிருந்து உயிர்களைக் காத்துவரும் இந்த ஏற்பாட்டில் இந்தியாவும் பங்குதாரர். இந்தியாவுக்கான கட்டுப்பாட்டு மையத்தை இஸ்ரோ பெங்களூரில் நடத்துகிறது. யாருடைய பீக்கன் என்பது முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். அப்போதுதான் சமிக்ஞை வந்ததும் யாரைத் தேடுவது என்று தெரியும். எனவே பெட்டியோடு வாங்கி அப்படியே பையில் போட்டுக்கொள்ளும் பொருள் அல்ல அது.

கடல் கற்றுத் தந்த பாடம்

இஸ்ரோவுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. அது மலையில் கிடைத்தது அல்ல, கடலில் கிடைத்தது. மீனவர்களுக்காக இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைக் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 20,000-க்கும் மேற்பட்ட கருவிகள் படகுகளில் உள்ளன. ஆனால் அதில் ஒரு குறை. மீனவர் பொத்தானை அழுத்துவார். கரையில் யாராவது கேட்டார்களா என்பது அவருக்குத் தெரியாது.

பதில் கிடைக்காத அந்த நேரம் எவ்வளவு கொடியது என்பதைக் கன்னியாகுமரி மாவட்டம் அறியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரையின் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் இருந்தவர்களோ நாள்கணக்கில் கடலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் வெளியான இரண்டாம் தலைமுறைக் கருவியில் இஸ்ரோ இந்தக் குறையைச் சரிசெய்தது. 'உங்கள் செய்தி கிடைத்துவிட்டது' என்ற பதில் படகுக்கே வரும். புயல் எச்சரிக்கையையும் அனுப்பலாம். மலையேறும் பிள்ளைகளுக்கும் இப்படி ஒன்று வந்தால் எத்தனை பெற்றோர் நிம்மதியாகத் தூங்குவார்கள்!

குரங்கணி சொல்வது என்ன?

கருவி மட்டும் இருந்தால் போதுமா? 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் போன இளைஞர்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஊர்மக்கள், வனத்துறை, தீயணைப்புத் துறை, விமானப்படை என எல்லோரும் மீட்புக்கு இறங்கினார்கள். ஆனால் செய்தி கீழே போவது ஒன்று. ஆள் மேலே வந்து சேர்வது இன்னொன்று. செங்குத்தான மலையில் இரண்டாவதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

அதன்பிறகு தமிழகத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. சுங்குவார்சத்திரத்திலிருந்து போகிறவர்களுக்குப் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைகள் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனால் ஏலகிரி. இணையத்தில் பெயர் பதிந்தால், அந்தக் காட்டை அறிந்த உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். யார், எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பது வனத்துறைக்குத் தெரியும். இன்றைய நிலையில், ஆன்லைனில் விற்கும் எந்தக் கருவியையும்விட இது பெரிய பாதுகாப்பு.

கையில் இருப்பதைக் கொண்டு...

சாதாரண போனிலேயே செய்யக்கூடியவை இவை:

* உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் 112-ஐ அழைத்துப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் சிக்னல் அங்கே இருந்தால் அழைப்பு அதன் வழியாகப் போகும்.

* பேச முடியாத அளவுக்கு சிக்னல் மெலிந்திருந்தாலும் எஸ்எம்எஸ் போக வாய்ப்பு உண்டு. வாட்ஸ்அப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

* ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. போகும் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள்.

* ஏறும்போது போனை ஃப்ளைட் மோடில் வையுங்கள். டவரைத் தேடித் தேடியே சார்ஜ் தீர்ந்துவிடும். பவர்பேங்க், டார்ச், விசில் மூன்றும் பையில் இருக்கட்டும். தொண்டை வற்றிய பிறகும் விசில் கேட்கும்.

கடைசியாக, பேட்டரியே தேவைப்படாத ஒன்று. எந்த மலை, எந்தப் பாதை, கூட யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டிலோ ஹாஸ்டல் அறைத்தோழியிடமோ கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். 'இத்தனை மணிக்குள் நான் பேசாவிட்டால் இந்த எண்ணைக் கூப்பிடு' என்ற ஒரு வரியையும் மறக்காமல் சேருங்கள். வானத்துக்கு வழி திறக்கும்வரை, நம்மைத் தேடத் தொடங்கப்போகிறவர் அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவர்தான்.