திருப்பிப் பார்த்தால் தெரியும்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தே ஆரி வேலை செய்யும் பெண்களுக்கு அந்த மாதம் பிளவுஸ் ஆர்டர் ஓய்ந்துவிடும். ஆவணிக் கல்யாணங்களுக்கான ப்ரூச்சுகளைச் செய்து அடுக்குவது அப்போதுதான். அப்படி ஒரு வீட்டு முன்னறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் ஆரி ஸ்டாண்டைப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் நான்கு பெண்கள். வீட்டுக்கார அக்காதான் மூத்தவர். அவருடைய மாமனார் புதுமண்டபத்தில் கடை இருந்த காலத்தில், சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷத் துணி தைத்தவர். சமிக்கியும் மணியும் இந்த வீட்டுக்குப் புதிதல்ல.

தோளில் சேலை மடிப்பைப் பிடிக்கும் அலங்காரப் பின்தான் ப்ரூச். வங்காளத்தின் ஞானதானந்தினி தேவி, பார்சிப் பெண்களிடம் பார்த்த பாணியில் சேலை கட்டித் தோளில் ப்ரூச் குத்திக்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். இன்று மதுரைக் கல்யாணப் பெண், தன் பிளவுஸில் எந்த மாங்காய் வடிவம் இருக்கிறதோ அதே மாங்காயை ப்ரூச்சிலும் கேட்கிறாள்.

முதலில் ஆர்கன்சா துணியைச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். ட்ரேஸ் தாளில் வரைந்த கோட்டை ஒட்டி ஊசியால் குத்திய துளைகள். மண்ணெண்ணெயில் குழைத்த பொடியை அதன்மேல் ஒற்றினால் மாங்காய் புள்ளிபுள்ளியாகத் துணியில் இறங்குகிறது. ஆரி ஊசியின் முனை ஒரு சின்னக் கொக்கி. மேலே வலது கை குத்த, துணிக்கு அடியில் இடது கை நூலை மாட்டிவிட, சங்கிலித் தையல் ஓடுகிறது. வேடிக்கை பார்ப்பவர்கள் மேல்கையைத்தான் பார்ப்பார்கள். நூலை எவ்வளவு விடுவது, எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் அடியில் இருக்கும் கையின் வேலை.

ஜர்தோசி என்பது ஸ்பிரிங்காகச் சுருட்டிய மெல்லிய கம்பி, உள்ளே குழல். அதைத் துண்டுகளாக வெட்டி, சாதாரண ஊசியில் கோத்து, பருத்தி நூலால் மேடு கட்டிய இடத்தின்மேல் பக்கம் பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும். துண்டு நீண்டால் புடைத்துக்கொள்ளும். குறைந்தால் ஓரத்தில் நூல் தெரியும். மாங்காயின் வயிறு அகலம், நுனி குறுகல். ஆகவே அடுத்தடுத்த இரண்டு துண்டுகள்கூட ஒரே நீளமாக இருக்க முடியாது. அளவுகோல் எதுவும் இல்லை. அக்கா கண்ணால் பார்க்கிறார், கத்தரிக்கிறார், துண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

முன்பக்கம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அக்கா சிரித்தார்: "இனிமேத்தான்மா இருக்கு." ஓரத்தில் கொஞ்சம் விட்டு வெட்டி, உள்ளே மடித்து, நடுவே விறைப்புக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்து, பின்னால் ஃபெல்ட் துணி. பின்னை முதலில் அந்த ஃபெல்ட்டில் தைத்துவிட்டுத்தான் ஒட்டுகிறார். வெறும் பசையை நம்பினால் சாப்பாட்டுப் பந்திக்குள் கழன்றுவிடுமாம். பின்னை நட்டநடுவில் வைப்பதில்லை, மேல் மூன்றில் ஒரு பங்கில். நடுவில் வைத்தால் கல்லின் பாரத்தில் ப்ரூச் முன்னால் கவிழும். பின் தடித்திருந்தால் பட்டில் ஓட்டை விழும். மெலிந்திருந்தால் அத்தனை மடிப்பையும் தாங்காமல் வளையும். கடைசியாக ஓரம் முழுக்க மணி கோத்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைக்கிறார். கடையில் ப்ரூச் வாங்கும்போது ஒரு தடவையாவது அதைத் திருப்பிப் பார்த்திருப்பேனா என்று யோசித்தேன். நல்ல வேலையா இல்லையா என்பது அங்கேதான் தெரிகிறது.

அக்காவிடம் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. மணி, கல், ஃபெல்ட், பின், பஸ் செலவு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி. நேரத்துக்கு இல்லை. "வீட்டுலதானே இருக்கோம், அதையெல்லாம் யாரு எண்ணுறா?" என்றார். அந்தப் பதில் எனக்கு வலித்தது. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறது. நடுநடுவே தைப்பதால் அது உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்றே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. அந்த அறையில் வாரிய அட்டை வைத்திருந்தவர் அக்கா ஒருவர்தான். மற்றவர்கள் தங்களைத் தையல்காரர்களாக நினைத்ததே இல்லை.

நேரத்தையும் சேர்த்து விலை சொன்னால் என்ன என்று கேட்டேன். இளையவள் உடனே மறுத்தாள்: "ரேட்ட ஏத்துனா ஃபேன்சி ஸ்டோர்ல மெஷின் ப்ரூச் வாங்கிட்டுப் போயிருவாங்கக்கா." நியாயமான பயம்தான். அக்கா ஊசியை நிறுத்தவில்லை. "போறவங்க போகட்டும்டீ. பொண்ணோட பிளவுஸ்ல நாம போட்ட அதே மாங்காய மெஷின்ல எவன் போட்டுக் குடுப்பான்?"

அதன்பிறகு பேச்சு வேகமெடுத்தது. ஆவணியின் முதல் ஆர்டரிலிருந்து நான்கு பேரும் ஒரே கூலி சொல்வது என்று ஆயிற்று. எவ்வளவு என்பதில் மட்டும் நான் கிளம்பும்வரை சண்டை ஓயவில்லை.