கரும்பு நகரத்தின் பச்சை யானைகள்

அக்டோபர் 2018

டொமினிக்கன் குடியரசின் குளிர்கால பேஸ்பால் லீக் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் பெரிய லீக் ஓய்ந்திருக்கும் மாதங்களில் நடப்பதால் அதற்கு இப்பெயர்; மற்றபடி தீவில் வெக்கைக்குக் குறைவில்லை. ஆறு அணிகளுள் ஒன்றான எஸ்த்ரேயாஸ் ஓரியந்தாலெஸ், சான் பெத்ரோ தெ மக்கோரிஸ் என்னும் கிழக்குத் துறைமுக நகரத்துக்கு உரியது. பச்சைச் சீருடையும் யானைச் சின்னமும் கொண்ட இவ்வணி கடைசியாகப் பட்டம் வென்றது 1968இல். எனினும் அந்நகரத்தார் வேறு அணிக்கு மாறியதில்லை.

நவம்பர்

இந்தப் பற்றின் வேரைச் சர்க்கரை ஆலைகளில் தேட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஆலைகளுக்குக் கரும்பு வெட்ட, செயின்ட் கிட்ஸ், நெவிஸ் முதலிய ஆங்கிலம் பேசும் தீவுகளிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் வந்தனர். ‘கொகோலோ’ என்று அழைக்கப்பட்ட இவர்கள் ஆலைக் குடியிருப்புகளில் கிரிக்கெட் ஆடினர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பேஸ்பாலுக்கு மாறினர். 1970இல் .366 என்ற சராசரியுடன், அதாவது ஆயிரம் முறைக்கு 366 முறை வெற்றிகரமாக அடித்த கணக்கில், அமெரிக்காவின் தேசிய லீகின் மட்டையாளர் பட்டத்தை வென்ற ரிக்கோ கார்ட்டி, கொன்சுவேலோ ஆலைப் பகுதியில் வளர்ந்தவர். பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் ஹோம்ரனை 1998இல் 66 முறை அடித்த சாமி சோசாவும் இந்நகரத்தில்தான் உருவானார். சர்க்கரையைப் போலவே ஆட்டக்காரர்களையும் வெளியே அனுப்பிப் பழகிய ஊர் இது. அனுப்பியதில் ஒரு பங்கு திரும்பி வரும் பருவம் என்பதே குளிர்கால லீகுக்கு இங்கே உள்ள பொருள்.

டிசம்பர்

வருவதும் முழுமையாக வருவதில்லை. அமெரிக்க அணிகள் தம் வீரர்கள் களைத்துவிடுவார்கள் என்று தடை விதிக்கலாம். எவ்வளவு ஆடலாம் என்று வரம்பிடவும் செய்யலாம். கூலி தருபவன் சொல்வதே சட்டம் என்னும் ஆலைக்காலத்து நியதி பெயர் மாறித் தொடர்கிறது என்றால் அது மிகையாகாது. ஊரின் தெத்தேலோ வர்காஸ் அரங்கின் இருக்கை வரிசைகளிலோ தம்போரா என்னும் மத்தளமும், உலோகத்தில் சுரண்டி ஒலிக்கும் கூய்ராவும் ஓயாமல் முழங்குகின்றன. மெரெங்கே இசையின் தாளம் ஏற ஏற, எதிரணிப் பந்துவீச்சாளர் மீதான கேலியும் ஏறுகிறது. ஐம்பது ஆட்டங்கள் முடிந்ததும், முதல் நான்கு அணிகள் ஒன்றோடொன்று பலமுறை மோதும் சுற்றுக்குச் செல்கின்றன. பச்சை அணியும் அவற்றுள் ஒன்று.

ஜனவரி 2019

இறுதிப் போட்டியில் எதிரி லா ரொமானாவின் தோரோஸ் தெல் எஸ்தே. லா ரொமானாவும் கிழக்கின் சர்க்கரை நகரமே. எஸ்த்ரேயாஸின் மேலாளர் பெர்னாண்டோ தாத்திஸ். மூன்று தளங்களிலும் ஓட்டக்காரர் நிற்க அடிக்கும் ஹோம்ரன் ‘கிராண்ட் ஸ்லாம்’ எனப்படும். 1999இல் ஒரே இன்னிங்ஸில் அதை இருமுறை அடித்தவர் அவர். அவருடைய இருபது வயது மகனும் அதே பெயரில் அணியில் ஆடுகிறார். பட்டம் கிடைத்துவிட்டது: 1936, 1954, 1968 ஆகியவற்றுக்குப் பின் நான்காவது. 1936இன் வெற்றிக்குச் சர்வாதிகாரி த்ருஹீயோ தந்த பதில் ஊருக்குத் தெரியும். தலைநகரின் இரு அணிகளை ஒன்றாக்கி, சாட்செல் பெய்ஜ் உள்ளிட்ட அமெரிக்கக் கறுப்பின லீக் நட்சத்திரங்களைப் பெரும் பணம் கொடுத்து வரவழைத்து, 1937இல் பட்டத்தைத் தலைநகருக்குக் கொண்டுசென்றார். அந்தச் செலவில் நொடிந்த தொழில்முறை ஆட்டம் 1951 வரை மீளவில்லை. இம்முறை பட்டத்தைப் பறிக்க எவரும் இல்லை. 1968இல் சிறுவராக இருந்தவர்கள் பேரக்குழந்தைகளோடு தெருவில் ஆடுகிறார்கள்.

மார்ச்

பிப்ரவரியில், வெனிசுவேலாவிலிருந்து பனாமாவுக்கு மாற்றப்பட்ட கரிபியன் தொடரில், அண்டை நாடுகளின் சாம்பியன்களோடு மோதிய அணியால் கோப்பையைப் பெற முடியவில்லை. அது பனாமாவுக்கே போயிற்று. ஊரில் அதைப் பெரிதாகக் கருதியவர் குறைவாகவே இருந்திருப்பர். மார்ச் 28ஆம் தேதி இளைய தாத்திஸ் சான் டியேகோ பாட்ரெஸ் அணிக்காகப் பெரிய லீகில் முதல் ஆட்டம் ஆடினார். அடுத்த குளிர்காலத்தில் அவர் பச்சைச் சீருடை அணிவதும் அணியாததும் இனி பாட்ரெஸின் அனுமதியைப் பொறுத்தது.