நோன்பும் விருந்தும்

அண்மை ஆண்டுகளில் நீலகிரிக்குப் புதியதொரு வகைப் பயணிகள் வருகின்றனர். முதுகில் ஒரு பை. உடன் வருவோர் எவருமில்லை. இறைச்சியை மட்டுமன்றிப் பால், தயிர், நெய் ஆகியவற்றையும் விலக்கியவர்கள் இவர்கள். குன்னூர்த் தேநீர்க் கடையில் நின்று, "பால் இல்லாமல் ஒரு டீ" என்று இவர்கள் கேட்கும்போது, உடம்புக்கு ஏதேனும் கோளாறோ என்று கரிசனத்துடன் விசாரிப்பாரும் உண்டு, நகைப்பாரும் உண்டு. எனக்கு நகைக்கத் தோன்றுவதில்லை. நானும் பல ஆண்டுகளாகப் புலால் உண்பதில்லை. ஞாயிறுதோறும் எஸ்டேட் சிற்றாலயங்களுக்குத் திருப்பலி நிறைவேற்றத் தனியாகவே பேருந்தில் செல்கிறேன். ஆகவே, உணவை விலக்குவதும் தனிவழி நடப்பதும் ஒருவரின் உள்ளத்தை எப்படி மாற்றுகின்றன என்பது எனக்கு அயலார் கேள்வியன்று.

இம்மலையும் இக்கேள்வியை நெடுநாளாய் அறியும். 1603ஆம் ஆண்டு மலபார்க் கரையிலிருந்து ஜாக்கமோ ஃபெனிசியோ என்னும் இயேசு சபைக் குரு இங்கு ஏறி வந்தார். மலைமேல் பழங்காலக் கிறிஸ்தவர்கள் வாழ்வதாகப் பரவியிருந்த பேச்சே அவரை அழைத்து வந்தது. அவர் கண்டதோ எருமை மேய்த்து வாழ்ந்த தோதவர்களை. பாலும் மோரும் நெய்யும் தானியமுமே அவர்களது மரபுவழி உணவு. அன்றாடச் சாப்பாட்டில் இறைச்சி இல்லை. பால் கடையும் இல்லமே அவர்களுக்குக் கோயில். முன்னாளில் மிகப் புனிதமான பால்மனைகளில் பணியாற்றிய பூசகர், அப்பணிக்காலம் முழுவதும் மணவாழ்வை விலக்கியே இருந்தார்.

அண்டையில் வாழ்ந்த படகர்கள் ராகியும் சாமையும் விளைவித்தனர். 1819இல் இங்கு வந்த கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன், ஐரோப்பியக் காய்கறிகளை இம்மண்ணில் பயிரிடச் செய்தார். இன்று தமிழகமெங்கும் 'ஊட்டிக் கிழங்கு' என உரிமையோடு அழைக்கப்படும் உருளைக்கிழங்கின் பூர்வீகம் தென் அமெரிக்க மலைகள். தோதவர் புனிதமாய்ப் போற்றிய பாலை, இன்றைய பயணி இரக்கத்தின் பெயரால் விலக்குகிறார். தட்டுகள் மாறுகின்றன, உணவின் வழியாகத் தூய்மையைத் தேடும் மனித உள்ளம் மாறவில்லை.

நம் திருச்சபையின் தமிழ் வரலாற்றிலும் இத்தேடல் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, இறைச்சியை அறவே விட்டு, சோறும் காய்கறியும் பாலும் கொண்ட உணவை நாளுக்கு ஒரு வேளை உண்டு வாழ்ந்தார். 1693இல் ஓரியூரில் குருதி சிந்திய புனித அருளானந்தரும் பண்டாரசாமியாக மரக்கறி உணவையே மேற்கொண்டார். மக்களை நெருங்குவதற்காகவே அவர்கள் தங்கள் தட்டை மாற்றிக்கொண்டனர். இது கருதத்தக்கது.

நான் புலாலை விட்டதற்கு அத்தகைய உயர்ந்த காரணம் ஏதுமில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பேருந்துகளில் பலமுறை கறிக்கோழி வண்டிகளின் பின்னால் பயணம் செய்திருக்கிறேன். சமவெளியின் வெப்பத்தில் வளர்ந்த கோழிகள், நிமிர்ந்து நிற்கவும் இடமின்றிக் கூண்டுகளில் அடைபட்டு, பர்லியாறு கடந்ததும் வீசும் குளிரில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வரும். விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என நம் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. 2015ஆம் ஆண்டின் 'லவ்தாத்தோ சி' திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அதனை மீண்டும் வலியுறுத்தினார். உணவுக்காக விலங்குகளைப் பயன்படுத்துவதைத் திருச்சபை தடை செய்யவில்லை. ஆயினும் அக்கூண்டுகளைக் கண்ட கண்ணுக்கு அந்த உணவு தேவையற்றதாகத் தோன்றியது. விட்டுவிட்டேன்.

என் சமையலறையில் இத்தீர்மானம் எளிது. நானே சமைத்து நானே உண்ணும் இடத்தில் எந்த நோன்பும் எளிதே. அதற்குச் சோதனை வந்தது ஒரு லைன் வீட்டின் வாசலில்.

கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றாலயம் ஒன்றில் திருவிழாத் திருப்பலி முடிந்ததும், அறுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் என்னை உணவுக்கு அழைத்தார். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. அத்தகையோருக்கு வேலை தரவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் இங்கே தொடங்கப்பட்டது. சிறுமியாய்க் கப்பலேறி வந்தவர், கொழுந்து பறித்தே வாழ்நாளைக் கழித்தவர். வீட்டில் வளர்த்த கோழியைக் குழம்பாக்கி எனக்குப் பரிமாறினார். தாம் உண்ணாமல், நான் உண்பதைப் பார்த்தபடி நின்றார்.

அவ்வேளையில் என் நினைவுக்கு வந்தவர் திருவள்ளுவர். விருந்தோம்பலை இல்லறவியலிலும் புலால் மறுத்தலைத் துறவறவியலிலும் அவர் வைத்திருக்கிறார். துறவியாகிய நான் இல்லறத்தாரின் பந்தியில் அமரும்போது எந்த அதிகாரம் என்னை ஆள வேண்டும்? முகர்ந்தால் வாடும் அனிச்ச மலரைக் காட்டி, வரவேற்பவர் முகம் மாறினால் விருந்தினர் வாடுவர் என்றார் அவர். விருந்தினன் முகம் மாறினால் விருந்தளிப்பவரும் வாடுவரன்றோ? எழுபத்திரண்டு சீடரைப் பையும் பணமுமின்றி அனுப்பிய நம் ஆண்டவர், ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தமக்கு முன் வைப்பதை உண்ணும்படி பணித்ததை லூக்கா பத்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தனிவழிப் பயணியின் கையில் பை இல்லாதபோது, பிறர் வீட்டு அடுப்பே அவன் அடுப்பு.

நான் உண்டேன், நன்றியோடு உண்டேன். அக்கோழி கூண்டிலே வந்ததுமன்று. உண்டு முடித்ததும், "சாமி, நீங்க தனியாத்தானே இருக்கீங்க? தினம் என்ன சமைப்பீங்க?" என்று கேட்டார். கீரை, அவரை, கிழங்கு, சில நாள் வெறும் ரசம் என்றேன்; கறி சமைப்பதில்லை என்பதையும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, அது எங்க தினச் சாப்பாடுதானே சாமி!"

அச்சொல் என்னோடு பேருந்தில் வந்தது. பால் சேர்க்காத தேநீரைக் கொள்கையாய்க் கேட்கும் பயணி ஒருபுறம். கொழுந்து பறித்தும் பால் வாங்க இயலாமல் கறுப்புத் தேநீரையே குடித்து வளர்ந்தவர் மறுபுறம். இரண்டும் ஒரே குவளையே. ஆனால் ஒன்று நோன்பு, மற்றொன்று வறுமை. விட்டுக்கொடுப்பதற்கு ஒன்று கையில் இருந்தால்தான் அதனை விடுவது நோன்பாகும். பள்ளிச் சத்துணவில் தன் பிள்ளைக்கு முட்டை கிடைக்கிறதென்று மகிழும் தாய்க்கு நான் என் விரதத்தைப் போதிக்கலாகாது. உண்பவர் உண்ணாதவரை இகழ வேண்டாம், உண்ணாதவர் உண்பவருக்குத் தீர்ப்பிட வேண்டாம் என்பது உரோமைத் திருச்சபைக்குப் பவுலடியார் எழுதிய அறிவுரையின் பொருள். உணவை விலக்குவோர்க்கு வரும் சோதனை, தீர்ப்பிடும் சோதனையே என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

அடுத்த முறை சென்றபோது அதே அம்மா மீண்டும் அழைத்தார். இம்முறை தேங்காய் ரொட்டியும் சம்பலும், மலையகத்திலிருந்து குடும்பம் கொண்டுவந்த பக்குவத்தில். உடன் கொல்லையில் பறித்த கீரை. தட்டுகள் இரண்டு இருந்தன. என் எதிரே அமர்ந்து அவரும் உண்டார். கோழிக்குழம்பு நாளில் அவர் நின்று பரிமாறினார், நான் விருந்தினன். கீரை நாளில் அவர் அமர்ந்து உண்டார். நான் வீட்டாருள் ஒருவன். புலால் மறுத்தலால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை எதுவென்று கேட்டால், உடல்நலத்தைவிட இதையே முதலில் சொல்வேன்.

தவக்காலத்தில் இறைச்சியைத் தவிர்க்கும் அன்பர்களுக்கும், தனியே மலையேறி வரும் இளையோருக்கும் நான் சொல்ல விழைவது சிறிதே. உங்கள் அடுப்பில் உங்கள் நோன்பைக் காத்துக்கொள்ளுங்கள். பிறர் வாசலுக்குச் செல்லும்போது, அவர்கள் அன்றாடம் உண்பதையே உங்களுக்கும் தரும்படி முன்னதாகக் கூச்சமின்றிக் கேளுங்கள். விட்டதனால் மிஞ்சும் பணத்தை, விடுவதற்கு ஒன்றுமில்லாதவர் வீட்டில் பாலாகவும் முட்டையாகவும் சேர்த்துவிடுங்கள்.